பொட்டழிக்கும் பிள்ளை

பதுளை பஸார் வீதியில் ஜுனைதீன் நானாவின் ஸ்டூடியோவில் சிவசக்தி ஆறு வருடம் வேலை பார்த்தாள். அந்த ஆறு வருடத்தில் எத்தனை நெற்றிகளைத் துடைத்திருப்பாள் என்று ஒருமுறை அவளிடமே கேட்டேன். "ஒரு தோட்டத்துச் சனம் தேறுங்கக்கா" என்றாள். சிரிக்கவில்லை. அவள் எதற்கும் சட்டென்று சிரிக்கிற ஆளில்லை.

நான் அதே கடையில் முன்பக்கத்தில் இருந்தவள். பெயர் கேசினி. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கு இலிகிதராக வந்து பதுளையிலேயே தங்கிவிட்டவர். எனக்கு வாய் நீளம் என்று கடையில் பெயர். முன்பக்கத்தில் இருப்பவளுக்கு வாய் நீளமாக இருப்பதில் தப்பில்லை. பார்க்கவேண்டிய நேரத்தில் கண்ணைத் திறந்து பார்க்காததுதான் நான் செய்த தப்பு. அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிவசக்தி ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கைக் கோட்டைவிட்டு, இரண்டு வருடம் கொழுந்து பறித்துவிட்டு, 2000ஆம் ஆண்டு எங்கள் கடைக்குப் படம் கழுவ வந்தாள். வந்த மூன்றாம் மாதம் நானா கொழும்பிலிருந்து ஒரு கொம்பியூட்டரையும் ஸ்கேனரையும் கொண்டுவந்து இறக்கினார். இறக்கினாரே தவிர, தொட எல்லோருக்கும் பயம். நானாவுக்குத்தான் அதிகப் பயம். அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, காலையில் கடை திறக்கும்போது ஒருதடவை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் போர்த்திவிடுவார். செத்த வீட்டில் மையத்தின் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாரே என்று நான்தான் கேலி செய்தேன்.

அதோடு ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகம் வந்திருந்தது, படங்களைத் திருத்தப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று. நான் வாசித்துச் சொல்வேன், அவள் செய்து பார்ப்பாள். பழகுவதற்கு வேறு யாருடைய முகத்தையும் கெடுக்கக்கூடாது என்று தன் அடையாள அட்டைப் படத்தையே ஸ்கேன் பண்ணிக்கொண்டாள். முதல் பாடமே ஒரு சின்னத் துண்டைத் தேர்ந்தெடுத்து நகர்த்துவதுதான். அவள் தன் நெற்றியில் பொட்டுக்குப் பக்கத்திலே மொச்சைக்கொட்டை அளவில் ஒரு வட்டம் போட்டாள். வட்டத்தின் ஓரம் புள்ளிப் புள்ளியாக ஊர ஆரம்பித்தது.

"எறும்பு ஊருதுக்கா."

"அதுதான் நீ தெரிஞ்செடுத்த துண்டு. இப்ப இழு."

இழுத்தாள். எறும்பு வரிசை மட்டும் காதுப்பக்கம் போய் நின்றது. நெற்றி இருந்தபடியே இருந்தது. புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். தேர்ந்தெடுக்கிற கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இழுத்தால் கோடுதான் நகரும், படம் நகராது. நகர்த்துவதற்கென்று அம்புக்குறிபோல வேறொரு கருவி இருக்கிறது, அதை எடு என்று போட்டிருந்தது. எடுத்து இழுத்தாள். இப்போது தோல் வந்தது. வந்த இடத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை. சிவசக்தி சுட்டியை விட்டுவிட்டுத் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

ஓட்டை விழாமல் இருக்க இரண்டு விசைகளை அமர்த்திப் பிடித்துக்கொண்டு இழுக்கவேண்டும் என்பதை அடுத்த நாள்தான் கண்டுபிடித்தோம். அப்படிச் செய்தால் பழைய தோல் பழைய இடத்திலேயே இருக்க, அதன் பிரதி மட்டும் நகரும். அந்தப் பிரதியைக் கொண்டுபோய்ப் பொட்டுக்கு மேலே வைத்தாள். சுட்டியால் இழுக்கும்போது கை நடுங்கி அங்குமிங்கும் போய்விழுந்தது. அதற்கும் வழி இருந்தது. அம்புக்குறி விசையை ஒருதடவை தட்டினால் ஒரு புள்ளி தூரந்தான் நகரும். தட்டித் தட்டி, ஓரத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி, சரியாகப் பொருத்திவிட்டாள். திரையில் அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. பொட்டு அங்கே இருந்ததற்கான தடமே இல்லை.

இது ஒரு விளையாட்டாக முடிந்திருக்கும். ஆனால் அது யுத்த காலம். கொழும்புக்கு வேலைக்குப் போகிற தோட்டத்துப் பெண்கள் அடையாள அட்டைக்குப் படமெடுக்க வருவார்கள். படத்தில் பொட்டு வேண்டாம், வழியில் சோதிக்கிறவன் கண்ணில் அதுதான் முதலில் படும் என்பார்கள். அட்டையில் இருப்பது தமிழ்ப் பெயர், பொட்டை அழித்து என்ன பிரயோசனம் என்று எனக்குத் தோன்றும். பயத்தோடு யார் வாதாடி வென்றது? சரி, பொட்டைத் துடைத்துவிட்டு உட்காருங்கள் என்றால் அதுவும் மாட்டார்கள். கட்டின கழுத்தோடு தன் பொட்டைத் தன் கையால் அழித்தால் புருசனுக்கு ஆகாது. மெசின் அழித்தால் தோசமில்லை. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று தெரியாது. ஒரே மாதத்தில் பதுளையிலிருந்து எல்ல வரைக்கும் தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டது. "பொட்டழிக்கிற புள்ள இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் வருவார்கள்.

சிவசக்தி மூன்று நிமிடத்தில் ஒரு நெற்றியை முடிப்பாள். வட்டம் போடுவது, இழுப்பது, நாலைந்து தட்டு, சேமிப்பது. பிறகு பிறகு முகத்தைக்கூட அவள் பார்ப்பதில்லை. சமாதானம் வந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன பிறகும் அந்த வேலை குறையவில்லை. வானொலிக்கு ஒரே நாளில் சமாதானம் வரும். சனங்களின் நெற்றிக்கு வர நாளெடுக்கும்.

2003 ஆடி மாதம் தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இராக்கம்மா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு சதக் காசளவில் பெரிய குங்குமப் பொட்டு. மடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய ஒரு சிறு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அவருடைய புருசன் வீரசிங்கம். கொழும்பில் ஒரு கடையில் வேலைசெய்த மனுசன். 1995 கடைசியில் ஒருநாள் தங்கியிருந்த இடத்தை ஆமி சுற்றிவளைத்து ஆட்களைக் கூட்டிப்போனபோது அவரையும் கூட்டிப்போனார்கள். அதற்குப் பிறகு ஆளுமில்லை, சேதியுமில்லை.

"ரெண்டு பேரும் சேந்து படமே எடுக்கலைங்க மிஸ். என்னை இப்ப எடுத்து அவரு பக்கத்துல வச்சுக் குடுங்க. மால கீல போட்றாதீங்க. அவரு இருக்காரு."

மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மொனராகலை. தகப்பன் இல்லாத பெண்ணை யார் தாரைவார்ப்பது என்ற பேச்சு எழுந்திருக்கிறது. செத்தவர் என்றால் படத்துக்கு மாலை போட்டுவிட்டு மாமன் அழகர், இராக்கம்மாவின் தம்பி, தன் பெண்சாதியோடு நின்று தாரைவார்க்கட்டும், தாய் ஓரமாக இருக்கட்டும் என்று அவர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இராக்கம்மா சம்மதிக்கவில்லை. மாலை போடாத ஜோடிப் படத்தை மணவறையில் வைத்து, பொட்டும் பூவுமாகப் பக்கத்தில் தானே நின்று மகளைக் கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதற்குத்தான் இந்தப் படம்.

நான் உறையில் "ஜோடி, அவசரம்" என்று எழுதினேன். பொட்டு இருக்கட்டும் என்று எழுதவில்லை. அப்படி ஒன்றை எழுதவேண்டிவரும் என்று யார் நினைப்பார்கள்?

அன்றைக்குத்தான் ஒரு தோட்டத்திலிருந்து முப்பது பெண்கள் அடையாள அட்டைப் படத்துக்கு வந்து போயிருந்தார்கள். ஒருத்தி பொட்டை எடுக்கச் சொல்ல, எனக்கும் எனக்கும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பிலிம் சுருளின் கடைசியில் ஒரு படத்துக்கு இடம் மீதியிருந்தது. சிக்கனத்தில் நானாவை மிஞ்ச ஆளில்லை. இராக்கம்மாவை அதிலேயே எடுத்துவிட்டார். முப்பத்தொரு முகமும் ஒன்றாகக் கழுவி, ஒன்றாக ஸ்கேன் பண்ணி, ஒன்றாகச் சிவசக்தியின் திரைக்குப் போயின. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது என்பார்கள். அழித்த கைமட்டும் சும்மா இருக்குமா? முப்பத்தொரு பொட்டையும் அழித்துச் சேமித்துவிட்டாள். மறுநாள் என் உறையைப் பார்த்து, அந்தக் கடைசி முகத்தை எடுத்து வீரசிங்கத்தின் பக்கத்தில் வைத்தாள். சிறுத்த தலையைப் பெருப்பித்து, தோளுக்குத் தோள் பொருத்தி, பின்னால் இளநீலத் திரை போட்டாள். வேலை அவ்வளவு சுத்தம்.

சனிக்கிழமை இராக்கம்மா வந்தார். நான் உறையிலிருந்து படத்தைப் பாதி இழுத்து, ஆண் பெண் இரண்டு தலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்று நெடுநேரம் பார்த்தார். எனக்கு வேறு ஆட்கள் காத்திருந்தார்கள்.

"சரியா இருக்கோ அம்மா?"

"சரியாத்தாங்க இருக்கு" என்றார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு போனார். சந்தோசத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு அழகர் வந்தார். கையில் அதே பிளாஸ்டிக் உறை, அதே வீரசிங்கம்.

"இதப் பெருசாக்கி மால போட்டுக் குடுங்க மிஸ். கீழ பேரு மட்டும் போடுங்க. தேதி எங்களுக்கே தெரியாது."

"உங்கட அக்கா மாலை வேண்டாமெண்டு சொன்னவவே?"

"அக்கா பொட்ட அழிச்சிருச்சுங்க." அவர் குரல் தாழ்ந்தது. "நீங்க குடுத்த படத்துல அது நெத்தி வெறுமையா இருந்துச்சாம். பொட்டோடதான் ஒக்காந்தேன், மெசினுக்குத் தெரிஞ்சுபோச்சு, மெசினு பொய் சொல்லாதுன்னு சொல்லிட்டு, வீட்டுக்கு வந்ததும் தண்ணிப் பீலிக்குப் போயித் தலைய முழுகிருச்சு. நாங்க யாரும் சொல்லல. எட்டு வருசமா ஊரே சொல்லிக் கேக்காதது."

உள்ளே திரும்பிப் பார்த்தேன். சிவசக்தி ஏற்கனவே அந்தப் படத்தைத் திரையில் திறந்திருந்தாள். நெற்றியைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கியதில் திரை முழுக்க ஒரு நெற்றி மட்டும் இருந்தது. இராக்கம்மாவின் இடது புருவத்துக்கு மேலே அம்மைத் தழும்பு ஒன்று உண்டு. நடு நெற்றியிலும் அதே தழும்பு, அதே வடிவில், அதே சாய்வில் இருந்தது. பக்கத்துத் தோலை எடுத்து மூடும்போது தழும்பும் சேர்ந்து வந்துவிட்டது.

"நான்தாங்கக்கா" என்றாள் என்னிடம். அழகருக்குக் கேட்காத குரலில்.

அழகரை அடுத்த கிழமை வரச்சொல்லி அனுப்பிவிட்டு நானாவிடம் விசயத்தைச் சொன்னோம். அவர் நல்ல மனுசன். தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு வியாபாரி விழித்துக்கொண்டார்.

"நெகடிவ் இரிக்கிதானே. பொட்டோட இன்னொரு படம் அடிச்சிக் குடுப்பம். பிழ நடந்திட்டுதெண்டு அதோட வெச்சனுப்பு. நீ போய்ச் சொல்லி சும்மா கிடந்த சங்க ஊதிக் கெடுக்காத, புள்ள."

"படத்துல பொட்டு வச்சா போதுமாங்க நானா?" என்று சிவசக்தி கேட்டாள். "அவங்க நெத்தியில நான்தானே அழிச்சிருக்கேன்."

உண்மையைச் சொன்னால், நானும் அவளைத் தடுத்தேன். "இனிப் போய் என்ன செய்யப்போறாய்? அந்த மனுசி ஒருமாதிரி மனசைத் தேற்றிக்கொண்டுது. அந்தாள் இல்லையெண்டு உலகத்துக்கே தெரியும். நீ போய்க் கிளறினால் ஆருக்கு நல்லம்?"

அவள் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் தரிப்பிடத்தில் நின்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். படத்தைப் பாதி இழுத்துப் பார்த்துக் கொடுத்தவள் நான்தானே. அவளுக்கு ஒரு பங்கென்றால் எனக்கு அரைப் பங்காவது உண்டு.

தெமோதரையில் இறங்கி அரை மணித்தியாலம் மேலே நடந்தோம். சிவசக்தியின் மடியில் பழைய படத்தின் பிரதி ஒன்றும், பொட்டோடு அடித்த புதுப் படமும் இருந்தன. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு முன்னால் கல்யாணத்துக்கென்று சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இராக்கம்மா தன் காம்பரா வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வெறும் நெற்றி. வெளிறிய பச்சைச் சேலை. எங்களைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு, "மாலைப் படம் கொண்டு வந்தீங்களா மிஸ்? அழகரே வந்து எடுத்திருப்பானே" என்றார். முகம் தெளிவாக இருந்தது. கடையில் பார்த்ததைவிடப் பத்து வயது குறைந்தது போலவும் இருந்தது. அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் என்று சிவசக்தியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் கையை உருவிக்கொண்டாள். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"அக்கா, அந்தப் படத்துல ஒங்க பொட்ட மெசினு அழிக்கல. நான் அழிச்சேன். அன்னைக்கு முப்பது பேருக்கு அழிச்ச கையோட ஒங்களுக்கும் அழிச்சிட்டேன். ஒங்க முகத்தக்கூட நான் பாக்கல. மெசினுக்கு ஒன்னுமே தெரியாதுங்க. பக்கத்துல இருக்க தோலு கொஞ்சத்த எடுத்து மேல வச்சு மூடினேன், அவ்வளவுதான்." இரண்டு படத்தையும் எடுத்துக் காட்டி, இரண்டாகிப்போன தழும்பின்மேல் விரலை வைத்தாள்.

இராக்கம்மா குனிந்து பார்த்தார். ஒரு விரலால் தன் புருவத்துக்கு மேலே தடவினார். பிறகு நடு நெற்றியைத் தடவினார். அங்கே தழும்பு இல்லை. உள்ளே வேலையாயிருந்த அழகர் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"அப்ப, அவரு இருக்காரா?" என்று இராக்கம்மா கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நானாக இருந்தால் ஒரு பொய்யைச் சொல்லியிருப்பேன். எந்தப் பொய் என்றுதான் தெரியவில்லை.

"அது எனக்குத் தெரியாதுங்கக்கா" என்றாள் சிவசக்தி. "படத்துக்கும் தெரியாது. அழிச்சது நானு. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்." அதற்குமேல் அவளால் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒருதடவைதான்.

அழகருக்குக் கோபம் தலைக்கேறியது. "கல்யாணத்துக்குப் பத்து நாளு இருக்கையில வந்து சொல்ற பேச்சா இது? மாப்ள வீட்டுக்கு எல்லாம் சொல்லியாச்சு" என்று கத்தினார். நியாயந்தான். இராக்கம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"எட்டு வருசம் புள்ள" என்றார் சிவசக்தியிடம். கோபமே இல்லாத குரல். "நாயி கொலைச்சா எந்திரிச்சு ஒக்காருவேன். பஸ்ஸு சத்தம் கேட்டா பாதையப் பாப்பேன். சோத்துல ஒருபிடி எடுத்து வைப்பேன். இந்த ரெண்டு வாரந்தான் கட்டையாத் தூங்குனேன். போயிட்டாரு, போகட்டும், இனிப் பாக்க வேண்டியதில்லன்னு மனசு கெடந்துச்சு. அந்தத் தூக்கத்த இப்பக் கொண்டுபோக வந்திருக்க."

நான் கடையில் வைத்தே சொன்னேனே என்று எனக்குச் சிவசக்தியின்மேல் ஆத்திரம் வந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் இந்த மனுசி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாரே. ஆனால் அது யார் கொடுத்த தூக்கம்? முகத்தைக்கூடப் பார்க்காமல் நாலு தட்டில் கொடுத்தது. அவர் சம்மதம் கேட்டுக் கொடுத்ததில்லை.

இராக்கம்மா எழுந்து உள்ளே போனார். மகளின் கல்யாணச் சாமான்களுக்குள் இருந்த குங்குமச் சிமிழை எடுத்துவந்து சிவசக்தியின் கையில் வைத்தார்.

"அழிச்ச கையாலேயே வச்சுவிடு."

"அக்கா, வேணாங்க. யோசிச்சு..."

"எட்டு வருசமா யோசிச்சதுதான். வையி."

சிவசக்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு மோதிர விரலால் குங்குமம் தொட்டாள். முதல்தடவையாக அந்த முகத்தை நேராக, நிதானமாகப் பார்த்தாள். அப்புறம் வைத்தாள். கடையில் மூன்று நிமிடத்தில் ஒரு நெற்றியை முடிக்கிறவளுக்கு, அந்த ஒரு பொட்டை வைத்துவிட்டுக் கையை எடுக்க வெகுநேரம் பிடித்தது.

"அழகரு, மாப்ள வீட்டுக்கு ஆளனுப்பு. நான்தான் தாரவாக்குறேன்னு சொல்லு. வேணாம்னா அவங்க யோசிச்சுக்கட்டும்" என்றார் இராக்கம்மா. மாலைப் படம் தேவையில்லை என்று என்னிடமும் சொன்னார். மகளைக் கூப்பிட்டு எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு, முன்பு இருந்த இடத்தில் உட்காராமல், கீழே பாதை தெரிகிற பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தார்.